வோல்டா: சானெட் திரும்பும் இடம்

சானெட் என்ற ஐரோப்பியக் கவிதை வடிவத்துக்குப் பதினான்கு அடி. இது பலருக்கும் தெரியும். ஆனால் பதினான்கு அடியில் எழுதியதெல்லாம் சானெட் ஆகிவிடாது. அந்தப் பதினான்குக்குள் ஓரிடத்தில் பாட்டு தான் போய்க்கொண்டிருந்த திசையை விட்டுத் திரும்ப வேண்டும். கேட்டுக்கொண்டிருந்தவர் பதில் சொல்லத் தொடங்குவார். புலம்பியவர் தன்னையே மறுப்பார். வெளியே பார்த்துக்கொண்டிருந்த கண் உள்ளே திரும்பும். அந்த இடத்துக்குப் பெயர் வோல்டா.

தமிழில் ‘திருப்பம்’ என்று எழுதுகிறார்கள். பொருள் சரிதான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் திரைக்கதையில் வரும் எதிர்பாராத அதிர்ச்சிதான் நம் நினைவுக்கு வருகிறது. வோல்டா அப்படிப்பட்டதல்ல. கதவின் கீலை நினைத்துக்கொண்டால் நெருக்கமாக இருக்கும். கீல் கதவையும் நிலையையும் பிரிக்கிறது, இரண்டையும் சேர்த்தும் பிடித்திருக்கிறது. வாசகரைத் திடுக்கிட வைக்கும் வேலை அதற்கு இல்லை.

சொல் எங்கிருந்து வந்தது

இது இத்தாலியச் சொல். அங்கே ‘வோல்தா’ என்று ஒலிக்கும். உருளுதல், சுழலுதல் என்று பொருள்படும் ‘வொல்வெரே’ என்ற லத்தீன் வினையில் வேர்கொண்டது. இத்தாலியரின் அன்றாடப் பேச்சில் இந்தச் சொல் இன்றும் புழங்குகிறது. ‘ஊனா வோல்தா’ என்றால் ஒரு தடவை. குழந்தைக் கதைகளை ‘சேரா ஊனா வோல்தா’ என்றுதான் தொடங்குவார்கள், நாம் ‘ஒரு ஊர்ல’ என்று தொடங்குவதுபோல. வளைந்த கூரைக்கும் இதே பெயர். பதினாறாம் நூற்றாண்டில் ஆண் பெண்ணைத் தூக்கிச் சுழற்றி ஆடிய நடனம் ஒன்றுக்கும் இதே பெயர் இருந்தது.

கவிதைக்குள் இந்தச் சொல் எப்படி வந்தது என்பதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. ஏறத்தாழ 1303-05 ஆண்டுகளில் இத்தாலியக் கவிஞர் தாந்தே மக்கள் மொழியில் கவிதை எழுதுவது பற்றி லத்தீனில் ஓர் இலக்கண நூல் எழுதத் தொடங்கினார். ‘தெ வுல்காரி எலோக்வென்தியா’ என்பது அதன் பெயர். அதன் இரண்டாம் பகுதியில் ‘கன்சோனே’ என்ற நெடும்பாட்டின் அமைப்பைப் பிரித்துக் காட்டுகிறார். ஒவ்வொரு கண்ணியும் ஒரு மெட்டில் தொடங்கி இன்னொரு மெட்டுக்கு மாறலாம். அப்படி மாறும் இடத்தைத் ‘தியேசிஸ்’ என்கிறார். உடனே அடைப்புக்குறிக்குள் சொல்வதுபோல ஒரு குறிப்பு: பொதுமக்களோடு பேசும்போது இதை ‘வோல்தா’ என்கிறோம்.

இந்தச் சிறு குறிப்பில் இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது, இது அறிஞர் கட்டிய கலைச்சொல் இல்லை, பாடுபவரும் கேட்பவரும் பேச்சில் புழங்கிய சொல். இரண்டாவது, அது முதலில் குறித்தது மெட்டு மாறுவதை, கருத்து மாறுவதை இல்லை. திரும்பலை முதலில் கேட்டது காதுதான். வோல்டாவைப் புரிந்துகொள்ள இதைவிட உதவும் செய்தி வேறு இல்லை.

தாந்தே இதைச் சொன்னது கன்சோனேவைப் பற்றி. சானெட்டை நான்காம் பகுதியில் விளக்குவதாகச் சொல்லியிருந்தார். நூலோ இரண்டாம் பகுதியின் நடுவிலேயே நின்றுபோனது. அவர் பிறப்பதற்குச் சில பத்தாண்டுகள் முன்பே சானெட் பிறந்துவிட்டது. 1230-களில், சிசிலியில், பேரரசர் இரண்டாம் பிரெடெரிக்கின் அவையில் ஆவணப் பதிவாளராக இருந்த ஜாகோமோ ட லென்தினிதான் அதை முதலில் எழுதியவர் என்று கருதப்படுகிறது. எட்டு அடி ஒரு பகுதி, ஆறு அடி இன்னொரு பகுதி. எட்டில் இரண்டு ஒலிகள் அடியீற்றில் மாறிமாறி வரும் இயைபு: அ-ஆ-அ-ஆ என்று எட்டு அடியும் (ஒரே எழுத்து ஒரே ஈற்றொலியைக் குறிக்கும்). ஆறில் அந்த ஒலிகள் நின்று புதிய ஒலிகள் தொடங்கும். சிசிலிக் கவிஞர்களின் பாட்டுகள் இசையோடு பாடுவதற்கு அல்ல, வாசிப்பதற்கே எழுதப்பட்டவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அப்படியானால் மெட்டு மாறும் இடத்தை இயைபு மாறும் இடம் எடுத்துக்கொண்டது என்று சொல்லலாம். பாடகர் செய்த வேலை எழுத்தின் ஒலிக்கு வந்துவிட்டது.

இன்னொரு தகவல் பலரும் கவனிக்காதது. 1332-இல் பதுவா நகரத்து அந்தோனியோ ட தெம்போ யாப்பு நூல் ஒன்று எழுதினார். அதில் சானெட்டின் முதல் எட்டு அடிகளை ‘பாதங்கள்’ என்றும், பின்வரும் இரண்டு மூவடிகளை ‘வோல்தாக்கள்’ என்றும் அழைக்கிறார். அதாவது அவருக்கு வோல்தா என்பது பின்பாதியின் உறுப்புப் பெயர். எட்டுக்கும் ஆறுக்கும் நடுவிலுள்ள கணத்தை மட்டும் அது குறிக்கவில்லை. ஒன்பதாம் அடியில் கருத்து திரும்பும் புள்ளி என்று இன்று பாடநூல்கள் தரும் வரையறை பின்னாளில் குறுகிய பொருள்.

தமிழின் பழைய பாவகையான கலிப்பா படித்தவர்களுக்கு இதெல்லாம் அந்நியமாகத் தோன்றாது. அதன் முன்பகுதிகளான தரவும் தாழிசையும் ஓர் ஓசையில் போய்க்கொண்டிருக்கும். ‘எனவாங்கு’ என்று ஒரு தனிச்சொல் வந்து நிற்கும். அதன்பின் இறுதிப் பகுதியான சுரிதகம் ஆசிரிய ஓசைக்கோ வெண்பா ஓசைக்கோ மாறிப் பாட்டை முடிக்கும். இரண்டு மரபுகளுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆனாலும் ஓசை மாறும் இடத்தில்தான் பொருளும் முடிவை நோக்கித் திரும்ப வேண்டும் என்ற காதின் அறிவு இரண்டிலும் இருக்கிறது.

எட்டும் ஆறும்

இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்கா (1304-1374) தன் தொகுப்பில் வைத்த 366 பாட்டுகளில் 317 சானெட்டுகள். இந்த வடிவத்துக்கு நிலையான முகம் கொடுத்தவர் அவர். எட்டடிக்கு அவர் பெரும்பாலும் கையாண்டது அ-ஆ-ஆ-அ, அ-ஆ-ஆ-அ என்று மடங்கும் இயைபு. ஆறடியில் பெரும்பாலும் இ-ஈ-உ-இ-ஈ-உ, அல்லது இ-ஈ-இ-ஈ-இ-ஈ. ஓர் அடிக்குப் பதினொரு அசை. இது நம் நேரசை நிரையசைக் கணக்கு இல்லை, உயிரொலியை எண்ணும் கணக்கு. எட்டடிக்கு 88, ஆறடிக்கு 66. இரண்டு பாதியும் சமமில்லை என்பதுதான் இந்த வடிவத்தின் விசை. எட்டில் விரித்ததற்கு ஆறில் பதில் சொல்லியாக வேண்டும். இடம் குறைவு, அதனால் மொழி இறுகும்.

அவருடைய 35-ஆம் பாட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். தனியே, சிந்தனையோடு, ஆளில்லாத வயல்களை மெல்ல அடியெடுத்து அளந்து நடக்கிறார். மனிதக் காலடி பதிந்த மணல் கண்ணில் பட்டால் விலகிப்போக ஆயத்தமாக இருக்கிறார். தன் உள்ளே எரிவதை வெளியே பார்த்தே மக்கள் படித்துவிடுவார்கள். அதிலிருந்து தப்ப இதைத் தவிர வேறு கேடயம் இல்லை என்கிறார். எட்டு அடி முடிந்தது. அடியீறுகள் இப்படி ஒலிக்கின்றன: காம்பி, லென்தி, இன்தென்தி, ஸ்தாம்பி, அடுத்த நான்கும் அதே ‘ஆம்பி’, ‘என்தி’. காதில் ஒரு சுற்றுச்சுவர் எழுந்துவிடுகிறது. ஒன்பதாம் அடியில் பியாஜ்ஜே, பத்தில் தெம்ப்ரே, பதினொன்றில் அல்த்ரூயி. மூன்றும் இதுவரை கேளாத ஒலிகள். சுவர் திறந்துவிட்டது என்று காது சொல்கிறது.

பொருள் திரும்பியதா? ஒன்பதாம் அடி ‘ஆகவே’ என்ற பொருளில்தான் தொடங்குகிறது. ஆகவே, பிறரிடம் மறைத்த என் வாழ்க்கை எத்தகையது என்று மலைக்கும் கரைக்கும் ஆற்றுக்கும் காட்டுக்கும் தெரிந்துவிட்டது என்று நம்புகிறேன் என்கிறார். எட்டடியின் வாதத்தையே இது முன்னே கொண்டுபோகிறது. உண்மையான மறுப்பு பன்னிரண்டாம் அடியில், ‘மா பூர்’ என்ற சொற்களில் வருகிறது. ‘ஆனாலும்’ என்று பொருள். ஆனாலும் எவ்வளவு கரடான, எவ்வளவு காட்டான பாதையைத் தேடினாலும் காதல் என்னோடு பேசிக்கொண்டே வராத பாதை கிடைக்கவில்லை, நானும் அதனோடு பேசிக்கொண்டே போகிறேன். தனிமையில் தொடங்கிய பாட்டு இருவர் பேச்சில் முடிகிறது.

ஒலி ஒன்பதில் திரும்புகிறது, வாதம் பன்னிரண்டில் திரும்புகிறது. ‘வோல்டா ஒன்பதாம் அடியில் வரும்’ என்று மனப்பாடம் செய்தவர் இந்தப் பாட்டில் பாதியைத்தான் காண்பார். ஒலியின் திரும்பலுக்கு இடம் நிலையானது. பொருளின் திரும்பல் அதற்கு ஒத்துப்போகலாம், முந்தலாம், பிந்தலாம். இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளியில்தான் நல்ல கவிஞர் விளையாடுகிறார்.

இங்கிலாந்தில் நேர்ந்த மாற்றம்

ஆங்கிலக் கவிஞர்களான தாமஸ் வையட்டும் சர்ரே பிரபுவும் பதினாறாம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்த வடிவத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். இத்தாலியில் ஏறக்குறைய எல்லாச் சொல்லும் உயிரில் முடியும். ஒரே ஒலிக்கு நான்கு இயைபு கிடைப்பது எளிது. ஆங்கிலத்தில் அது சிரமம். சர்ரே அதை மூன்று நாலடிகளாகவும் கடைசியில் ஓர் ஈரடியாகவும் மாற்றினார்: அ-ஆ-அ-ஆ, இ-ஈ-இ-ஈ, உ-ஊ-உ-ஊ, எ-எ. நான்கு அல்லது ஐந்து ஒலிக்குப் பதில் ஏழு ஒலி. விளைவு என்ன? ஒன்பதாம் அடியில் இயைபு மாறுவது தனிச் சிறப்பை இழந்தது, ஏனென்றால் ஐந்தாம் அடியிலும் அதேபோல் மாறியிருக்கிறது. பதின்மூன்றாம் அடியில் மட்டும் அடுத்தடுத்த இரண்டு அடிகள் ஒரே ஒலியில் பூட்டிக்கொள்கின்றன. எனவே காது அங்கேதான் விழிக்கிறது. திரும்பலும் அங்கே இடம்பெயர வசதி ஏற்பட்டது.

ஷேக்ஸ்பியரின் 154 சானெட்டுகள் 1609-இல் அச்சாயின. 130-ஆம் பாட்டு பின்னால் திரும்புவதற்குத் தெளிவான சான்று. காதலியின் கண் சூரியன் போல் இல்லை, பவளம் அவள் உதட்டைவிடச் சிவப்பு என்று பன்னிரண்டு அடி மறுத்துக்கொண்டே போய், பதின்மூன்றில் ‘இருந்தும், ஆணையாகச் சொல்கிறேன்’ என்று திரும்புகிறார். பொய்யான உவமையால் ஏமாற்றப்பட்ட எந்தப் பெண்ணுக்கும் குறையாத அருமை என் காதலிக்கு உண்டு என்று முடிகிறது. உவமையை மறுத்தது காதலைக் காக்கத்தான் என்று அப்போது விளங்குகிறது.

ஆனால் அவரும் பழைய இடத்தைக் கைவிடவில்லை. உன்னைக் கோடை நாளோடு ஒப்பிடவா என்று தொடங்கும் 18-ஆம் பாட்டு ஒன்பதாம் அடியில்தான் திரும்புகிறது: ‘ஆனால் உன் நிலைத்த கோடை வாடாது.’ இங்கே ‘ஆனால்’ என்ற சொல்லைவிட இன்னொன்று முக்கியம். நான்காம் அடியில் கோடையின் குத்தகைக்காலம் மிகக் குறுகியது என்கிறார். குத்தகை என்றால் இன்னொருவருடைய நிலம், கெடு முடிந்தால் விட்டுவிட வேண்டும். பத்தாம் அடியில், உனக்குச் சொந்தமான அழகின் மேலுள்ள உடைமையை நீ இழக்கமாட்டாய் என்கிறார். திரும்பலின் ஒரு பக்கம் குத்தகை, மறுபக்கம் சொந்தம். அதே நிலவுரிமை மொழி கீலைத் தாண்டி வந்து பொருள் மாறி நிற்கிறது. ‘கோடை’ என்ற சொல்லும் அப்படித்தான். எட்டடியில் அது பருவம், ஒன்பதாம் அடியில் அது அவர்.

ஆங்கிலக் கவிஞர் மில்டன் பார்வை இழந்தபின் எழுதிய சானெட் திரும்பலை முன்னே இழுக்கிறது. ஒளியைப் பறித்துக்கொண்டு பகல் வேலை கேட்பாரா கடவுள் என்று ஏழாம் அடியில் முணுமுணுக்கிறார். எட்டாம் அடியின் நடுவிலேயே, எட்டடி முடியும் முன்பே, ‘ஆனால் பொறுமை, அந்த முணுமுணுப்பை முந்தித் தடுக்க, விரைந்து பதில் சொல்கிறது’ என்று திரும்பிவிடுகிறது. இயைபு பெத்ரார்க்கா முறைப்படி ஒன்பதில்தான் மாறுகிறது. தடுக்க என்று அவர் பயன்படுத்திய ஆங்கிலச் சொல்லுக்கு அக்காலத்தில் ‘முந்தி வருதல்’ என்ற பொருளும் இருந்தது. பொறுமை முந்தி வந்தது என்று வாயால் சொல்லும்போதே பாட்டின் திரும்பலும் தன் இடத்துக்கு அரை அடி முந்தி வந்துவிட்டது. வடிவமே பொருளைச் செய்து காட்டுவதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடைப்பது அரிது.

ஒரு பாட்டில் அதைக் கண்டுபிடிப்பது

முதலில் பொருளை விட்டுவிட்டு அடியீறுகளை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். எந்த ஒலி எங்கே நிற்கிறது, புதிய ஒலி எங்கே தொடங்குகிறது என்று எழுத்திட்டுக் குறியுங்கள். ஒலி திரும்பும் இடம் கிடைத்துவிடும்.

பிறகு பொருள். பேசுபவர் தொடக்கத்தில் என்ன நிலையில் இருக்கிறார் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். கடைசி அடியில் என்ன நிலையில் இருக்கிறார் என்று இன்னொரு வாக்கியம். இரண்டையும் இணைக்க எந்தச் சொல் வேண்டும் என்று பாருங்கள்: ‘ஆனாலும்’, ‘ஆகவே’, ‘அதாவது’, ‘இப்போதோ’. அந்தச் சொல் பாட்டில் எழுதியே இருக்க வேண்டும் என்பதில்லை. அது எந்த அடிக்கு முன் பொருந்துகிறதோ அங்கே திரும்பல் இருக்கிறது. சந்தேகம் வந்தால் இலக்கணத்தைப் பாருங்கள். காலம் மாறுகிறதா, ‘நான்’ போய் ‘நீ’ வருகிறதா, கேள்வி நின்று கட்டளை வருகிறதா, நீண்ட வாக்கியங்களுக்குப் பின் குட்டை வாக்கியம் வருகிறதா? மில்டனில் பேசுபவரே மாறிவிடுகிறார்.

புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் ‘ஆனால்’ என்ற சொல்லைத் தேடி அதிலேயே நின்றுவிடுகிறார்கள். எட்டடிக்குள் சிறுசிறு ‘ஆனால்’கள் வரலாம், அவை வாதத்தின் உள்வளைவுகள். மொத்தப் பாட்டின் நிலைப்பாட்டையும் மாற்றுவது எதுவோ அதுதான் வோல்டா. அடி நடுவில் வரும் நிறுத்தத்தை வோல்டா என்று குழப்பிக்கொள்வதும் உண்டு. நிறுத்தம் மூச்சைச் சார்ந்தது, எந்த அடியிலும் வரலாம். இரண்டு திரும்பல்கள் உள்ள பாட்டுகளும் இருக்கின்றன: ஒன்பதில் ஒன்று, ஈரடியில் இன்னொன்று. ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தாக வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை.

எழுதும்போது எங்கே பிசகும்

முதல் பிசகு, எட்டடியிலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவது. பிறகு ஆறடி அதையே வேறு சொற்களில் திரும்பச் சொல்லும். எட்டாம் அடி முடியும்போது ஏதோ ஒன்று தீராமல் நிற்க வேண்டும். கேள்வி, ஏக்கம், சொல்லாமல் விட்ட பெயர் என்று எதுவாகவும் அது இருக்கலாம்.

இரண்டாவது, திரும்பலுக்குப் பதில் தாவிவிடுவது. எட்டடி கடலைப் பற்றியும் ஆறடி அம்மாவைப் பற்றியும் இருந்து, இரண்டையும் பிடிக்க ஒரு சொல்கூட இல்லையென்றால் கீல் இல்லை, இரண்டு துண்டுகள்தான் உண்டு. முதல் பகுதியிலிருந்து ஒரு சொல்லோ, ஒரு பொருளோ, ஒரு படிமமோ கட்டாயம் இந்தப் பக்கம் வர வேண்டும். வரும்போது அதன் பொருள் மாறியிருக்க வேண்டும். குத்தகையும் சொந்தமும் செய்தது அதைத்தான்.

மூன்றாவது, ஈரடியின் மேல் தாங்க முடியாத சுமையை ஏற்றுவது. ஆங்கில ஈரடியில் இருப்பது வெறும் இருபது அசை. அதில் ஒரு புதிய வாதத்தைத் தொடங்கி, விளக்கி, முடிக்க முடியாது. முயன்றால் அது பழமொழிபோலத் தட்டையாகிவிடும். பெரிய மாற்றம் வேண்டுமென்றால் ஒன்பதிலேயே திரும்பத் தொடங்குவது நல்லது. ஈரடிக்கு ஒரு தீர்ப்போ ஒரு உறுதிமொழியோ போதும்.

தமிழில் சானெட் எழுதும் முயற்சி பழையது. பரிதிமாற் கலைஞர், சூரியநாராயண சாஸ்திரியாராக அறியப்பட்டவர், ‘தனிப்பாசுரத்தொகை’ என்ற பெயரில் பதினான்கு அடிப் பாடல்களைத் தொகுத்தார். ஜி. யு. போப் அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். இன்று முயல்பவர் அடி எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டால் போதாது. தமிழ்க் காது அடியீற்றைவிட அடித்தொடக்கத்தை நன்றாகக் கேட்கும். நமக்கு எதுகை இருக்கிறது. எட்டு அடிவரை ஓர் எதுகையையோ இரண்டு எதுகைகளையோ ஓட்டி, ஒன்பதாம் அடியில் அதைக் கைவிட்டுப் புதிய எதுகை எடுத்தால், ‘ஆனால்’ என்று எழுதாமலேயே திரும்பல் கேட்கும். இந்த விளக்கத்துக்காகக் கட்டிய ஏழாம், எட்டாம், ஒன்பதாம், பத்தாம் அடிகள் இவை:

ஓடம் கரையேறி ஒருமாதம் ஆயிற்று
கூடம் நிறைந்தவலை குப்பையாய்க் கிடக்கிறது

காற்று திசைமாறக் கயிற்றை அவிழ்க்கின்றான்
நேற்றுவரை கிடந்தவலை நேர்செய்து முடிக்கின்றான்

ஓடம், கூடம் என்ற டகர எதுகை நிற்கிறது. காற்று, நேற்று என்று றகர எதுகை எழுகிறது. எட்டடிப் பக்கம் எதுவும் நகரவில்லை, ‘ஆயிற்று’, ‘கிடக்கிறது’ என்ற நிலைகள்தான். இந்தப் பக்கம் ஒரு மனிதன் கை அசைகிறது. வலை மட்டும் கடந்து வந்திருக்கிறது, குப்பையாக இருந்தது வேலையாக மாறி.

மொழிபெயர்ப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. தமிழில் வினை கடைசியில் வருவதால் எட்டாம் அடியையும் ஒன்பதாம் அடியையும் எச்சமாக்கி ஒரே வாக்கியத்தில் கோத்துவிட நேரும். ‘வாடினாலும்’, ‘இருந்தபோதிலும்’ என்று எழுதும்போது மறுப்பு எட்டாம் அடியின் வாலில் ஒட்டிக்கொண்டு, ஒன்பதாம் அடி வெறும் தொடர்ச்சியாகிவிடும். மூலம் ஒன்பதில் திரும்பியிருந்தால் எட்டாம் அடியை வினைமுற்றில் நிறுத்துங்கள், முற்றுப்புள்ளி வையுங்கள். ஒன்பதை ‘ஆயினும்’ என்றோ, ஒரு பெயரைக் கூப்பிட்டோ, புதிய எதுகையோடு தொடங்குங்கள். மில்டனைப்போல மூலமே அடி நடுவில் திரும்பினால், அந்த எட்டாம் அடியையே இரண்டாக உடைத்து, முன்பாதியில் கேள்வியை முடித்து, பின்பாதியில் பொறுமையைப் பேசவிட வேண்டும்.